1861-இல் இருந்தவர் 1871-இல் இல்லை: விக்டோரியா காலத்து மூதாதையரை எங்கே தேடத் தொடங்குவது?

இங்கிலாந்தில் வம்சாவளி தேடுபவர்கள் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது. 1861 சென்சஸில் கணவர், மனைவி, மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். 1871-இல் அதே ஊரில் அதே மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், கணவரை மட்டும் காணோம். கல்லறை இல்லை, உயில் இல்லை, வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதையும் இல்லை. செத்தாரா, ஓடிப்போனாரா, சிறையிலா, பட்டாளத்திலா, ஆஸ்திரேலியாவிலா? ஒவ்வொரு சாத்தியத்துக்கும் தனித்தனி ஆவணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தேட நேரமோ பணமோ யாரிடமும் இல்லை என்பதால் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

பேச்சுக்கு, லங்காஷயரின் பிளாக்பர்னில் இருந்த ஒரு பருத்தி ஆலை நெசவாளரை எடுத்துக்கொள்வோம். 1861 சென்சஸ் எடுத்தது ஏப்ரல் 7 இரவு. ஐந்தே நாளில், ஏப்ரல் 12 அன்று, அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. தென்மாநிலங்களின் பருத்தி வருவது நின்றதும் லங்காஷயர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1862 முடிவதற்குள் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தார்கள். (இந்தப் பருத்திப் பஞ்சம்தான் நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்திக்கு அந்த ஆண்டுகளில் விலையை ஏற்றிவிட்டது.) வேலை தேடி வேறு ஊருக்கு நடந்தவர்களும், கப்பலேறியவர்களும், திரும்பி வராமலே போனவர்களும் ஏராளம். நம் நெசவாளர் அவர்களில் ஒருவர்.

தேடும் வழிகளை ஒப்பிடும்போது மூன்று கேள்விகளை நான் முன்வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு செலவு? கிடைத்தால் அது அவர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? கிடைக்காவிட்டால் அந்த 'இல்லை'க்கு ஏதாவது மதிப்பு உண்டா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

மரணப் பதிவு

எல்லோரும் முதலில் போகும் இடம் இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். பழைய அட்டவணைகள் காலாண்டு வாரியாக இருக்கும். அவற்றில் 1866-க்கு முன்பு இறந்தவரின் வயதுகூடக் கிடையாது. பொதுப் பதிவு அலுவலகம் புதிதாகத் தயாரித்து 2016-இல் இணையத்தில் வைத்த அட்டவணையில் 1837 முதலே வயது உண்டு, தேடுவதும் இலவசம். பழைய பதிவுகளின் டிஜிட்டல் படம் முழுச் சான்றிதழைவிடப் பல மடங்கு மலிவு. ஆகவே செலவு ஒரு தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. விக்டோரியா காலத்து ஆங்கில இறப்புப் பதிவில் ஓர் ஆணைப் பற்றிக் கிடைப்பது பெயர், வயது, தொழில், காரணம், இடம், தகவல் தந்தவர், அவ்வளவுதான். பிறந்த ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, மனைவி பெயரும் இல்லை. தகவல் தந்தவர் மனைவியாகவோ மகனாகவோ இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வீட்டைவிட்டுப் போனவர் வெளியூரில்தான் இறந்திருப்பார். தகவல் தந்தவர் விடுதிக்காரரோ மருத்துவமனைப் பணியாளரோதான். அப்போது 'ஜான் ஹோல்டன், 38, கூலி' என்ற வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே பெயரில், அதே வயதில் லங்காஷயரிலேயே இன்னும் பலர் இருப்பார்கள். பெயர் தெரியாத பிணங்களும் உண்டு. கால்வாயில் மிதந்தவர்கள், ரயில் பாதையோரம் கிடந்தவர்கள் எல்லாம் அட்டவணையின் கடைசியில், அகரவரிசைக்குப் பிறகு, 'அறியப்படாதவர்' என்று வரிசையாக இருக்கிறார்கள். நம் ஆள் அங்கே இருந்தால் பெயரை வைத்து அவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அதனால் மரணப் பதிவில் 'இல்லை' என்று வந்தால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. 'உண்டு' என்று வந்தாலும் தனியே நிற்காது. மற்ற வழிகளில் ஓர் ஊரும் ஒரு காலமும் கிடைத்த பிறகு உறுதிப்படுத்திக்கொள்ள இது அருமையான கருவி. முதல் அடியாக இதை எடுத்து, கிடைத்த ஒவ்வொரு பெயருக்கும் படம் வாங்கிக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற சென்சஸ்கள்

1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை வீட்டுக்கு வீடு பெயர் எழுதினார்கள். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் எழுதவில்லை. 1851 முதல் உறவு, மண நிலை, வயது, பிறந்த பாரிஷ் (தேவாலய வட்டம்) எல்லாம் உண்டு. காணாமல் போனவரைத் தேட அந்தப் பிறந்த ஊர்தான் கைரேகை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள்கூடப் பிறந்த ஊரைப் பெரும்பாலும் மாற்றிச் சொல்வதில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மோசடி நோக்கம் இல்லாதவரை யாரும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், ஒரு காகிதமும் தேவையில்லை. ஆகவே குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், வயது இரண்டாண்டு முன்பின், பிறந்த ஊர் என்ற மூன்றை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள். பிறந்தது சின்ன ஊராக இருந்தால் விடை நாலைந்து பேருக்குள் அடங்கிவிடும். பிளாக்பர்ன், பிரஸ்டன் மாதிரிப் பெரிய ஊர் என்றால் கஷ்டம்தான்.

1881 சென்சஸின் படியெடுப்பைத் தன்னார்வலர்கள் செய்து முடித்திருக்கிறார்கள், அதை இலவசமாகவே தேடலாம். மற்றவற்றுக்குச் சந்தா வேண்டியிருக்கலாம். ஆனால் பல ஊர்ப் பொது நூலகங்களில் அந்தத் தளங்களைக் காசில்லாமல் பார்க்க விடுகிறார்கள்.

இங்கேயும் 'இல்லை'யை நம்பிவிடக் கூடாது. வீட்டுக்காரர்கள் நிரப்பிய தாள்களைக் கணக்கெடுப்பாளர் புத்தகத்தில் பெயர்த்து எழுதியதுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்து இன்றைக்கு ஒருவர் தட்டச்சு செய்திருக்கிறார். ஆக, பிழை நுழைய இரண்டு வாசல்கள். மனநோய் விடுதிகளிலும் சிறைகளிலும் இருந்தவர்களை வெறும் முதலெழுத்துகளால் குறித்த பக்கங்களும் உண்டு. 1861 கணக்கில் சில பகுதிகள் தொலைந்தே போய்விட்டன.

வீட்டில் மிஞ்சியவரைப் பின்தொடர்வது

என் கணிப்பில் முதலில் எடுக்க வேண்டிய வழி இதுதான். காணாமல் போனவரை விட்டுவிட்டு மனைவியையும் பிள்ளைகளையும் பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து பாருங்கள். அவர் போனது எப்போது, எப்படி என்பதை அவர்களுடைய ஆவணங்கள்தான் அதிகமாகச் சொல்கின்றன.

1871-இல் அவள் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறாள் என்று பாருங்கள். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதியிருந்தால், கணவர் அன்றிரவு வேறெங்கோ தங்கியிருக்கிறார், வருவார் என்றுதான் அவள் நினைக்கிறாள். 'தலைவர், மணமானவர்' என்றால் போனவர் உயிரோடு இருப்பதாக அவள் கருதுகிறாள். 'விதவை' என்றால்? அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் மரணச் சான்றிதழ் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். கணவன் விட்டுப்போன பெண்ணுக்கு வாடகை வீடும், அக்கம்பக்கத்தில் மரியாதையும் கிடைக்க 'விதவை' என்று சொல்லிக்கொள்வது எளிதான வழியாக இருந்தது. கணக்கெடுப்பாளர் ஆதாரம் கேட்கவில்லை.

சட்டமும் இதற்கு ஓரளவு இடம் கொடுத்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி இருதார மணம் குற்றம். ஆனால் துணை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இல்லாமல், உயிரோடு இருப்பதும் தெரியாமல் இருந்தால் மறுமணம் செய்தவரைத் தண்டிக்க முடியாது. அந்த மறுமணம் செல்லுபடியாகுமா என்பது வேறு விஷயம். முதல் கணவர் உயிரோடு இருந்தால் செல்லாது. விவாகரத்து நீதிமன்றம் 1858-இல் வந்துவிட்டது என்றாலும் நெசவாளர் குடும்பத்துக்கு எட்டும் செலவு இல்லை அது. எனவே அவள் 1870-இல் 'விதவை' என்று சொல்லி மறுமணம் செய்திருந்தால், அதிலிருந்து ஏழு ஆண்டைக் கழித்துப் பாருங்கள். 1863-ஐ ஒட்டி அவர் போயிருக்கலாம் என்று ஒரு காலம் கிடைக்கிறது. இது ஊகம்தான், ஆனால் தேடலின் அகலத்தைச் சட்டென்று குறைத்துவிடும்.

பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் பார்த்துவிடுங்கள். கடைசிக் குழந்தையின் தேதி, அவர் வீட்டில் இருந்த கடைசிக் காலத்தைக் காட்டும். அதற்குப் பிறகு பிறந்த குழந்தையின் பதிவில் தந்தை பெயர் காலியாக இருந்தால் அதுவும் ஒரு பதில். பிள்ளைகள் வளர்ந்து திருமணம் செய்யும்போது மணப்பதிவில் தந்தையின் பெயரும் தொழிலும் எழுத வேண்டும். ஒரு மகளின் பதிவில் 'நெசவாளர்' என்றும், நாலு வருடம் கழித்து மகனின் பதிவில் 'மாலுமி' என்றும் வந்தால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருக்கு அவரைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. 'காலமானார்' என்ற குறிப்பை மட்டும் அளவோடு நம்புங்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது உறுதியில்லை.

இந்த வழிக்குச் செலவு சில பதிவுப் படங்கள்தான். தவிர இங்கே 'இல்லை' என்பதே கிடையாது. எந்த ஆவணமும் ஏதோ ஒன்றைச் சொல்லும்.

ஏழையர் சட்டமும் செய்தித்தாளும்

ஒரு மனிதர் காணாமல் போனால் அதனால் யாருக்குப் பணச் செலவு என்று கேட்டுப் பாருங்கள். விக்டோரியா கால அரசு ஒருவருடைய துக்கத்தைப் பதிவு செய்யவில்லை. செலவை மட்டும் பைசா விடாமல் எழுதி வைத்தது. 1834 ஏழையர் சட்டத்தின்படி பாரிஷ்கள் யூனியன்களாகச் சேர்ந்து நிவாரணம் கொடுத்தன. சம்பாதிப்பவர் போய்விட்டால் மனைவி மக்கள் அந்த யூனியனின் வரிப்பணத்தில் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வொர்க்ஹவுஸுக்குள், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதிக்குள், போக வேண்டும். ஆகவே ஓடிப்போனவரைப் பிடிப்பதில் மனைவியைவிட யூனியனுக்கு அவசரம் அதிகம். 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டப்படி, குடும்பத்தைப் பாரிஷ் தலையில் கட்டிவிட்டு ஓடுவது கடின உழைப்போடு மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

இதற்காகவே ஒரு வாரப் பத்திரிகை வந்தது தெரியுமா? 'புவர் லா யூனியன்ஸ் கெஜட்' என்று பெயர். 1857 முதல் 1903 வரை வெளிவந்தது. குடும்பத்தை விட்டு ஓடியவர்களின் பெயர், வயது, உயரம், தலைமயிர் நிறம், தொழில், எப்போது கிளம்பினார், எங்கே போயிருக்கலாம் என்ற விவரங்களோடு, துப்புக் கொடுத்தால் சன்மானம் என்று யூனியன்கள் அதில் அறிவித்தன. ஒரு சாதாரணத் தொழிலாளியின் முகத்தை, நடையை, உடையைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் ஒரே இடம் பல குடும்பங்களுக்கு இதுதான். புகைப்படம் எடுத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவர் எப்படி இருந்தார் என்று ஐந்து தலைமுறை கழித்துத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம்! இந்த கெஜட்டை பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் படிக்கலாம். தேடல் இலவசம், பக்கத்தைத் திறந்து படிக்கத்தான் பெரும்பாலும் கட்டணம்.

அதே தளத்தில் உள்ளூர்ச் செய்தித்தாள்களும் இருக்கின்றன. சந்தேக மரணங்களை விசாரித்த அதிகாரிகளின் அசல் கோப்புகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. செய்தித்தாள் அறிக்கை மட்டும்தான் மிச்சம். குடும்பத்தைக் கைவிட்ட வழக்குகள், கடனுக்குப் பயந்து ஓடியவர்கள், கணவன் விட்டுப்போனதால் தன் சம்பாத்தியத்தைக் காத்துக்கொள்ள மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்ட மனைவிகள், எல்லாமே அந்தப் பத்திகளில் வரும். பெயரை வைத்துத் தேடுவதோடு நிற்காமல் மனைவியின் பெயர், தெரு, ஆலை ஆகியவற்றையும் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது பெயர்கள் சிதைந்துபோகும்.

யூனியனின் சொந்தப் பதிவேடுகள், அதாவது சேர்க்கை, வெளியேற்றப் பட்டியல்களும் நிவாரண விண்ணப்பங்களும், அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். லங்காஷயருக்கு அது பிரஸ்டனில். இவற்றில் பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை, நேரில் போகவோ ஆளை அமர்த்தவோ வேண்டும். எல்லா யூனியனின் ஏடுகளும் தப்பவில்லை. முதலில் காப்பகத்தின் பட்டியலைப் பார்த்து, நமக்கு வேண்டிய ஆண்டு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்ப வேண்டும்.

உறுதித்தன்மையில் மற்ற எதையும்விட இந்த வழி மேல். கெஜட்டில் வந்த பெயரோடு யூனியன், வயது, தொழில், சில சமயம் மனைவியின் பெயரும் சேர்ந்தே வருகிறது. 'இல்லை' என்றால்கூட ஓரளவு அர்த்தம் உண்டு. மனைவி நிவாரணம் கேட்கவில்லை என்றால் அவளுக்கு வேறு வருமானம் இருந்திருக்கிறது. ஆலை வேலை, பிறந்த வீடு, அல்லது எங்கிருந்தோ அவர் அனுப்பிய பணம்.

பட்டாளம், கப்பல், வெளிநாடு

இதில்தான் பலர் அவசரப்பட்டுக் குதிக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து கிளம்பிய பயணிகளின் பட்டியல்கள் 1890 முதல்தான் தப்பியிருக்கின்றன. 1860-களில் போனவரைப் போய்ச் சேர்ந்த ஊரில்தான் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது பெரிய வரம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் ஆகியவற்றின் இறப்புப் பதிவில் பெற்றோர், பிறந்த ஊர், மனைவி, பிள்ளைகள், குடியேறி எத்தனை வருடம் என்று எல்லாமே கேட்டார்கள். அங்கத்திய பழைய நாளிதழ்களை ட்ரோவ் தளத்திலும், நியூசிலாந்து இதழ்களைப் பேப்பர்ஸ் பாஸ்ட் தளத்திலும் முற்றிலும் இலவசமாகத் தேடலாம். 'காணாமல் போன நண்பர்கள்' என்ற பத்தியில் இங்கிலாந்திலிருந்து மனைவியோ தாயோ கொடுத்த விளம்பரங்களும் வருவதுண்டு.

மாலுமிகளைப் பொறுத்தவரை, 1857-க்குப் பிறகு தனிநபர் பதிவேடு நின்றுவிட்டது. கப்பல் பெயர் தெரியாமல் தேடுவது அநேகமாக வீண். கப்பல் தெரிந்தாலும் பெரும்பாலான பணியாளர் பட்டியல்கள் இருப்பது கனடாவின் நியூபவுண்ட்லாந்தில்.

பட்டாளத்துக்கு வந்தால், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசை பிரபலம். ஆனால் அது ஓய்வூதியத்தோடு விலகியவர்களுக்கானது. பணியில் இறந்தவர்களுக்கும் ஓடியவர்களுக்கும் அதில் கோப்பு இருக்காது. அவர்களுக்கு ரெஜிமென்ட் வாரியான வருகைப் பட்டியல்கள்தான் வழி. வேறு பெயரில் சேர்ந்தவர்களும் நிறைய. நம் ஊரோடு நேரடித் தொடர்பு இங்கே வருகிறது. பரங்கிமலை, திருச்சி, வெலிங்டன் பாளையங்களில் இறந்த சிப்பாய்களின் அடக்கப் பதிவுகளைப் பாதிரிமார்கள் எழுதி, அவற்றின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில், சென்னை மாகாணத்துக்குரிய என்/2 வரிசையில் உள்ளன. நம் பக்க ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதே கேள்வியை மறுமுனையிலிருந்து கேட்கின்றன. எங்கிருந்தோ வந்த சிப்பாய் அங்கே யாரை விட்டுவிட்டு வந்தார்? அவர்களுக்கும் என்/2-இல் உள்ள திருமணப் பதிவுதான் தொடக்கம், அதில் 'மனைவியை இழந்தவர்', 'மணமாகாதவர்' என்று எழுதியதை இதே சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

ஏதாவது ஒரு துப்பு கையில் இல்லாமல் இந்தப் பிரிவுக்குள் நுழையாதீர்கள். உலகம் பெரியது.

டிஎன்ஏ

மேலே சொன்ன எல்லாமே பெயரை நம்பி நிற்பவை. பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு குடும்பம் அமைத்தவரைப் பிடிக்க இது ஒன்றுதான் நேர்வழி. எள்ளுத்தாத்தாவிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 6 சதவீதம்தான். அவருடைய இன்னொரு குடும்பத்து வாரிசுகள் நமக்குப் பாதி உறவு என்பதால் பொதுப் பங்கு இன்னும் குறையும். தலைமுறை இறங்க இறங்கத் தடயம் மறையும் வாய்ப்பும் கூடும். அதனால் வீட்டில் வயதில் மூத்தவரைச் சம்மதத்தோடு பரிசோதிக்க வேண்டும், பேரன் பேத்தியை அல்ல. பொருத்தம் வந்தாலும் அது யார் வழி என்று கண்டுபிடிக்க மறுபடியும் காகித ஆவணங்களுக்கே வர வேண்டும். எதிர்பாராத உறவுகள் வெளியே வரலாம் என்பதையும் பரிசோதிக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவது நம் கடமை.

சரி, எந்த வரிசையில்?

வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் டிஎன்ஏவை இன்றைக்கே செய்யுங்கள். பதில் வர எத்தனை ஆண்டானாலும் ஆகட்டும், மாதிரி எடுக்கும் வாய்ப்பு காத்திருக்காது. அது ஒருபக்கம் கிடக்கட்டும்.

ஆவணங்களில் முதல் இடம் மனைவி மக்களுக்கு. அவர்கள் மூலம் காணாமல் போன காலத்தை மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் சுருக்கிக்கொண்டு, அப்புறம் கெஜட்டுக்கும் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கும் ஒரு மாதச் சந்தா கட்டுங்கள். என்னிடம் ஒரே ஒரு கட்டணத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று சொன்னால் அதை இதற்கே செலவழிக்கச் சொல்வேன். குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் செய்யும் சென்சஸ் தேடல் மூன்றாவது. ஊரும் காலமும் ஓரளவு பிடிபட்ட பின்பு மரணப் பதிவுப் படங்களை வாங்குங்கள். வெளிநாடு கடைசி, மகனின் மணப்பதிவில் வந்த 'மாலுமி' போல ஏதாவது ஒரு சொல் அங்கே இழுத்தால் மட்டும் முன்னால் வரட்டும்.

நம் ஊகம் பொய்க்கும் ஒரு சூழ்நிலையும் உண்டு. கொஞ்சம் சொத்துள்ள குடும்பம் என்றால் இந்த வரிசை தலைகீழாகும். அவர்களுக்கு ஏழையர் சட்டப் பதிவுகள் எதையும் தராது. 1858 ஜனவரியில் தொடங்கும் தேசிய உயில் அட்டவணையும், விவாகரத்துக் கோப்புகளும், பங்காளிகளின் சொத்து வழக்குகளும்தான் முதலில்.

ஒருவர் கிடைத்துவிட்டார் என்று தோன்றினால், பெயரும் வயதும் பொருந்துவதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பிறந்த ஊர், தந்தையின் பெயர், தொழில், உடனிருந்த உறவினர், இவற்றில் குறைந்தது இரண்டு, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆவணங்களிலிருந்து பொருந்த வேண்டும். அதே பெயருள்ள மற்றொருவர் அதே காலத்தில் தன் சொந்த வீட்டில் இருந்தாரா என்றும் தேடி, அவரைக் கழித்துவிட வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால், எந்தத் தளத்தில், எந்த எழுத்துக்கூட்டில், எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு ஓராண்டு கழித்துச் செய்தித்தாள் தேடலை மட்டும் மறுபடி செய்யுங்கள். அங்கே புதிய பக்கங்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கின்றன.